சீட்டித் துணிக்கு எழும்பூரில் ஒரு கூடம்: அருங்காட்சியகத் துறைக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு அருங்காட்சியகத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு கூடம் ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல். வெண்கலச் சிலைக்கோ கல்வெட்டுக்கோ அல்ல, போர்வைக்கு; அதில் வெட்டித் தைத்த நம் கரைச் சீட்டிக்கு, அதாவது கையால் பூ தீட்டிச் சாயமேற்றிய பருத்தித் துணிக்கு. சிரிக்காமல் மேலே படியுங்கள்.

அமெரிக்காவில் அதை குவில்ட் என்கிறார்கள். மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவே பஞ்சு. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கக் குறுக்கும் நெடுக்கும் தையல். நம் வீடுகளில் கைக்குழந்தைக்குப் பழஞ்சேலையை மடித்துத் தைத்து விரிக்கிறோமே, அதற்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் அங்கே அதற்கு இருக்கிற மரியாதையே தனி. நெப்ராஸ்கா மாநிலம் லிங்கன் நகரில், பல்கலைக்கழகத்தின் கீழ் குவில்ட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. ஆர்டிஸ், ராபர்ட் ஜேம்ஸ் தம்பதியர் தங்கள் சேகரிப்பைக் கொடுத்ததில் 1997இல் பிறந்தது அது. ஹூஸ்டனில் எழுபதுகளில் தொடங்கிய குவில்ட் திருவிழாவுக்கு ஊரின் பெரிய மாநாட்டு மையம் நிறையக் கூட்டம் வருகிறது.

இத்தகைய கண்காட்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கையுறைக்காரர்கள். குவில்ட்டைத் தொட யாரையும் விடுவதில்லை. ஆனால் வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர்கள், பெரும்பாலும் வயதான பெண்கள், ஆங்காங்கே நிற்பார்கள். “பின்பக்கம் பார்க்கலாமா?” என்று கேட்டால் போதும், ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கிக் காட்டுவார்கள். தையல் தெரிந்தவர்கள் முன்பக்கத்தில் ஒரு நிமிடம், பின்பக்கத்தில் ஐந்து நிமிடம் நிற்கிறார்கள். முடிச்சை எங்கே ஒளித்திருக்கிறாள், அங்குலத்துக்குப் பத்துத் தையலா பன்னிரண்டா, மூலை திரும்பும்போது கை தடுமாறியதா? எல்லாம் அங்கேதான் தெரியும்.

பழைய குவில்ட்டுகளுக்கான ஒரு கூடத்தில்தான் நான் அசந்து நின்றேன். வெள்ளைப் பருத்தித் துணியின் நடுவே ஒரு மரம். கிளைகள் நெளிந்து நெளிந்து போகின்றன. ஒரே மரத்தில் ஏழெட்டு வகைப் பூ. அது அந்தத் துணியில் வரைந்த மரம் அல்ல என்பது கிட்டப் போனால்தான் புரிகிறது. வேறொரு துணியிலிருந்து பூவைப் பூவாக, இலையை இலையாக வெட்டியெடுத்து, ஓரம் மடக்கி, கண்ணுக்குத் தட்டாத தையலில் பதித்திருக்கிறார்கள். ப்ரோடரி பெர்ஸ் என்ற இந்த வேலை 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் முற்பாதியிலும் அமெரிக்காவில் செல்வாக்கோடு இருந்தது. பூத்துணி விலை அதிகம். கையில் இருப்பதோ கொஞ்சம். அதை வெட்டிப் பரப்பினால் முழுக் கட்டிலுக்கும் வரும்.

அந்த மரத்தில் இலைகள் நீலம். அதைப் பார்த்ததுமே எந்த ஊர்த் துணி என்று யூகித்துவிட்டேன். அவுரி நீலத்தின் மேல் மஞ்சள் சாயம் பூசிப் பச்சை வரவழைப்பது சோழமண்டலக் கரைச் சீட்டியின் முறை. காலப்போக்கில் மஞ்சள் வெளுத்துப் போய்விடும், அவுரி போகாது. சிவப்பு மட்டும் நேற்றுத் தோய்த்த மாதிரி இருந்தது. அது சாயவேரின் சிவப்பு, இம்பூறல் என்று சித்த மருத்துவத்தில் சொல்கிறோமே, அதே செடி.

இந்த வேலை எப்படி நடந்தது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? கடுக்காயிலும் எருமைப்பாலிலும் துணியை முக்கிக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு மையைப் பரவவிடாது. இரும்புத் துருவும் வெல்லமும் புளித்த கரைசலில் கறுப்புக் கோடு. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தீட்டிவிட்டுச் சாயவேரோடு கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் அழுத்தமாகச் சிவக்கும். அவுரிக்கு நேர்மாறு: நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு.

மசூலிப்பட்டினத்திலிருந்து பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் வரை இந்தத் துணிக்காகத்தான் ஐரோப்பிய வணிகக் கம்பெனிகள் அடித்துக்கொண்டன. ஐரோப்பா இதை விரும்பியது, விரும்பிய அளவுக்குப் பயந்தது. பிரான்ஸ் 1686இல் போட்ட தடை 1759 வரை இருந்தது. 1719இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள், சீட்டி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து உடையைக் கிழித்தார்கள். 1721இல் அங்கே சீட்டி உடுத்தத் தடைச் சட்டம் வந்தது. 1774 வரை நீடித்தது. ஆனால் லண்டனில் இறக்கி வெளியே அனுப்பத் தடையில்லை. அப்படித்தான் அட்லாண்டிக்கைத் தாண்டி அந்தத் தையற்காரிகளின் கத்தரிக்கு வந்து சேர்ந்தது நம் பூ.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் குவில்ட்டுகளில் இருக்கிற எல்லாப் பூவும் நம்முடையது அல்ல. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அச்சுச்சாலைகள் அதே பூக்களை மலிவாக அச்சடித்துத் தள்ளின. பிற்காலத்தவற்றில் பெரும்பாலும் அந்தத் துணிதான். அந்த மரமும் முழுக்க நம் கற்பனை என்று மார்தட்ட முடியாது. வெள்ளைப் பின்னணி வேண்டும், இந்த மாதிரி வேண்டும் என்று ஐரோப்பாவிலிருந்து மாதிரிப் படங்கள் வந்தன. எது கையால் தீட்டியது, எது அச்சு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே பாதிக் கண்காட்சி நிறைந்துவிடும்.

நான் பார்த்த குவில்ட்டின் குறிப்புப் பலகையில் தைத்தவரின் மாநிலம், உத்தேச ஆண்டு, தையல் வகை எல்லாம் இருந்தன. துணியைப் பற்றி, இந்தியச் சீட்டி என்று ஒரு வரி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் காட்ட வந்தது தையலை. தீட்டிய கையைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் சென்னை.

ஆகவே, அப்படிப்பட்ட இரண்டு மூன்று குவில்ட்டுகளைக் கடனாகக் கேட்டு வாங்குங்கள். பழந்துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் ஆகாது. ஈரப்பதமும் ஏறி இறங்கக்கூடாது. இதை உறுதி செய்யாமல் யாரும் பொருளை அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் கூடாது. பக்கத்திலேயே துணியில் கையால் தீட்டும் கருப்பூர்க் கலம்காரி வரைபவர்களை உட்காரவையுங்கள். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற அவர்களுடைய வேலையைத் தேரில் தொங்கும் தொம்பையாகப் பார்த்திருப்போம், எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தவர்கள் குறைவு. கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திப் பெண்களையும் அழைக்கலாம். அவர்கள் கவந்தி என்ற தங்கள் ஒட்டுத்துணிப் போர்வையை ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைத்துக்கொண்டே வருவார்கள். மூலைகளில் மடித்த துணிப்பூ வைக்காமல் முடிக்க மாட்டார்கள். குவில்ட் வெள்ளைக்காரர்களின் சொத்து என்ற நினைப்பு அங்கேயே கழன்றுவிடும்.

கையுறைக்காரர்கள் கட்டாயம் வேண்டும். இந்த ஊரில் தையல் தெரிந்த, ஓய்வுபெற்ற பெண்களுக்கா பஞ்சம்? கடனாக வந்ததைத் தூக்கிக் காட்ட முடியாது என்றால் புதிதாகத் தைத்த மாதிரி ஒன்றையாவது தொங்கவிடுங்கள், பின்பக்கத்தை அதில் பார்த்துக்கொள்கிறோம். குறிப்புகள் தமிழில் இருக்கட்டும், நின்று படிக்கிற அளவு எழுத்தில்.

கடன் கேட்கும் கடிதம் துறையின் முத்திரையோடு போக வேண்டும். என்னைப் போன்ற பார்வையாளர் எழுதினால் நன்றி சொல்லி ஒரு வரி வரும், அவ்வளவுதான். பெரிய அருங்காட்சியகங்களில் இத்தகைய கோரிக்கை நகர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால், இந்த நிதியாண்டிலேயே அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
பின்பக்கம் பார்க்க ஆசைப்படும் ஒரு பார்வையாளர்