துடைக்கப்பட்ட கப்பல்கள்

அன்புள்ள செல்விக்கு,

வாட்ஸ்அப்பில் நீ வைத்திருக்கும் புதுப் படத்தைப் பார்த்தேன். பாறைமேல் கோலூன்றி, நமக்கு முதுகு காட்டி ஒருவர் நிற்கிறார், கீழே மூடுபனி. அடியில் 'தனிமையே என் பலம்' என்று யாரோ ஒட்டியிருக்கிறார்கள். 1818 வாக்கில் அதை வரைந்த ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிஷுக்கும் அந்த வாசகத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தன்னம்பிக்கைப் புத்தக அட்டைக்காரர்கள் செய்த வேலை அது.

நீ இருப்பது பெர்லினில். அவருடைய தனிமை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், மியூசியம் தீவில் உள்ள பழைய தேசிய ஓவியக்கூடத்துக்குப் போ. அங்கே 'கடலோரத் துறவி' இருக்கிறது. 1808 முதல் 1810 வரை திருத்தித் திருத்தி வரைந்தது. அகலம் 171.5 சென்டிமீட்டர், உயரம் 110. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் வானம். அடியில் கறுத்த கடல் ஒரு பட்டையாக, அதற்கும் கீழே வெளிறிய மணல். மணலில் ஒரு துறவி, இத்தனூண்டு. படத்தில் நிமிர்ந்து நிற்பது அவர் ஒருவர்தான். பாறைமேல் நிற்பவரைப் போல எதையும் வென்றவராகத் தெரியவில்லை. மோவாயில் கை வைத்தபடி, வந்த வழி மறந்தவர்போல நிற்கிறார்.

படம் முடியுமுன்பே, 1809இல், அதைப் பார்த்த ஓர் ஓவியரின் மனைவி, கப்பல் இல்லை, படகு இல்லை, ஒரு கடற்பூதம்கூட இல்லை என்று கடிதத்தில் அலுத்துக்கொண்டார். எனக்கு அந்த அம்மாளைப் பிடிக்கும். பலர் மனத்தில் நினைத்ததை அவர் எழுதிவிட்டார். 1810இல் பெர்லினில் படம் காட்சிக்கு வந்தபோது, கண்ணிமைகளை அறுத்தெடுத்துவிட்டதுபோல இருக்கிறது என்று எழுதினார் ஜெர்மன் எழுத்தாளர் கிளைஸ்ட். எங்கே பார்ப்பது என்று தெரியாமலும், பார்க்காமல் இருக்க முடியாமலும் தவிக்கிற கண்ணை அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

கப்பல்கள் முதலில் இருந்தன என்பதுதான் வேடிக்கை. அகச்சிவப்புக் கதிர் வைத்துப் பார்த்தபோது, வண்ணத்துக்கு அடியில் பாய்மரக் கப்பல்களின் கோடுகள் தெரிந்தன. வரைந்துவிட்டு, மேலே வண்ணம் பூசி மறைத்திருக்கிறார். கப்பல் இருந்தால் துறவி யாரையோ வழியனுப்ப வந்தவர் ஆகிவிடுவார். நாமும் ஒரு கதை கட்டிக்கொண்டு நிம்மதியாக நகர்ந்துவிடுவோம். அந்தக் கதையைத்தான் அழித்திருக்கிறார்.

பதின்மூன்று வயதில், பனிக்கட்டி உடைந்து தம்பி நீரில் மூழ்கிச் சாவதைப் பார்த்தவர் ஃபிரீட்ரிஷ். அதை வைத்து இந்தப் படத்துக்கு உரை எழுதுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஆனாலும் அந்தக் கறுத்த நீரைப் பார்க்கும்போது அது என் நினைவுக்கும் வந்து தொலைக்கிறது.

நான் அச்சில் மட்டுமே பார்த்திருக்கிறேன். கூட்டமில்லாத நேரமாகப் போய், கப்பல்கள் இருந்த இடம் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
மாமா