மேஸ்திரி பெயரில் பட்டா: இணையதளம் செய்து தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையதளம் வடிவமைத்துத் தரும் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் சங்கத்தின் டொமைனை, அதாவது இணையதள முகவரிப் பெயரை, அதைப் பதிவு செய்து தரும் வேறு நிறுவனத்துக்கு மாற்ற உட்கார்ந்தோம். மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோட் கேட்டதும், பதிவு செய்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டதாகத் திரையில் வந்தது. எந்த மின்னஞ்சல்? முதல் இரண்டு எழுத்து, அதன்பிறகு வரிசையாக நட்சத்திரம். ஆறு வருடத்துக்கு முன்னால் தளம் செய்து கொடுத்த தம்பியின் பழைய முகவரி அது. அதன் பாஸ்வேர்டு அவருக்கே மறந்துவிட்டது. நல்ல பிள்ளை, கேட்டதும் பதறிப்போனார். ஆனால் வருடாவருடம் பணம் கட்டி ரசீது வாங்கியது நாங்கள். பெயர் இருப்பது அவர் கணக்கில்.

வீடு கட்டிய மேஸ்திரி பட்டாவையும் தன் பெயரில் போட்டுக்கொண்டால் விடுவோமா? டொமைன் விஷயத்தில் மட்டும் யாரும் கேட்பதில்லை, எங்களையும் சேர்த்துத்தான்.

டாட் காம் பெயர் கைமாறும் விதம் உங்களுக்குத் தெரிந்ததே. டிரான்ஸ்பர் லாக் என்ற பூட்டைத் திறந்து ஆத் கோடை எடுத்துப் புதிய பதிவாளரிடம், அதாவது பெயரைப் பதிவு செய்து தரும் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால், பழைய பதிவாளர் ஐந்து நாளுக்குள் மறுக்காதவரை மாற்றம் நடந்துவிடும். மௌனம் சம்மதம் என்பதுதான் கணக்கு. எச்சரிக்கைக் கடிதமோ, யாரும் திறக்காத அந்தப் பெட்டிக்குத்தான் போகும். பெட்டி திருடன் கையில் கிடைத்தால் சம்மதமும் அவனே சொல்லிவிடுவான்.

2005 ஜனவரி 15, சனிக்கிழமை. நியூயார்க்கில் 1989 முதல் இணையச் சேவை நடத்திவந்த பானிக்ஸின் டொமைன், உரிமையாளருக்குத் தெரியாமலே ஆஸ்திரேலியப் பதிவாளரான மெல்போர்ன் ஐடிக்கு மாற்றப்பட்டது. வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் எங்கோ போனது. வார இறுதி என்பதால் மெல்போர்ன் ஐடியில் பேச ஆள் கிடைக்கவில்லை. பிறகு விசாரித்தால், உரிமையாளரின் ஒப்புதலைச் சரிபார்க்கும் வேலை பிரிட்டனில் இருந்த ஒரு ரீசெல்லரிடம், அதாவது மறுவிற்பனையாளரிடம் விடப்பட்டிருந்தது. அங்கே அது நடக்கவில்லை. பெரிய நிறுவனத்துக்கும் உரிமையாளருக்கும் நடுவில் இருந்த ஒரு கை. நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பது நீங்கள், அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

பெர்ல் என்ற நிரல்மொழிக்கான தளம் பெர்ல் டாட் காம், அதன் கதை இன்னும் சங்கடமானது. 2021 ஜனவரியில் தளம் பறிபோனதாகத் தெரிந்தது. தோண்டிப் பார்த்தால், கைவைத்தது முந்தைய செப்டம்பரிலேயே. டிசம்பரில் பதிவாளர் மாறியும், பெயரைத் தேடி வருபவருக்குத் தளம் இருக்கும் இடத்தைக் காட்டும் நேம் சர்வரை அப்படியே விட்டுவைத்ததால், தளம் எப்போதும்போல் திறந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்புறம் அது 1,90,000 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அவர்களுக்குக் குரல் கொடுக்க உலகம் முழுக்க நிரலாளர்கள் இருந்தார்கள், பிப்ரவரியில் மீட்டார்கள். எங்கள் சங்கத்துக்கு யார் இருக்கிறார்கள்?

முறையிடப் போனாலும் கதவு குறுகல். இப்படிப்பட்ட மாற்றங்களுக்கென்றே, இணையப் பெயர்களை மேற்பார்க்கும் உலக அமைப்பான ஐகான் வைத்திருக்கும் தகராறு நடைமுறையில் பதிவாளர்தான் மனுப் போட முடியும், பறிகொடுத்தவர் போட முடியாது. டாட் இன் பெயர்களுக்கான நடுவர் முறை வர்த்தக முத்திரைச் சண்டைகளுக்காக அமைந்தது. மிச்சம் இருப்பது நீதிமன்றம்.

உங்கள் பக்க நியாயமும் தெரியும். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் பார்க்கும் பழக்கமே இருக்காது, புதுப்பிக்க மறந்துவிட்டு உங்களைத் திட்டுவார். பாக்கிப் பணம் வராதோ என்ற பயத்தில் டொமைனைப் பிடித்துவைப்பவர்களும் உண்டு. பாக்கிக்கு வேறு வழி பாருங்கள், இது வேண்டாம்.

தளத்தை ஒப்படைக்கும் நாளில் வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, உரிமையாளர் பெயரையும் மின்னஞ்சலையும் அவருடையதாக மாற்றிக் கொடுங்கள். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. பெயர் போனால் அஞ்சலும் சேர்ந்தே போய்விடும். டிரான்ஸ்பர் லாக் போட்டிருப்பதைத் திரையில் காட்டுங்கள். ஓடிபி அவர் போனுக்கு வரட்டும். புதுப்பிக்கும் பொறுப்பு வேண்டுமானால் உங்களிடமே இருக்கட்டும். இதற்கு அரைமணி நேரம் ஆகும், அதற்கும் சேர்த்துக் கூலி கேளுங்கள், தருகிறோம்.

எங்கள் டொமைன் இன்னும் வரவில்லை. அந்தப் பழைய மின்னஞ்சலைத் திறக்க அப்போதைய போன் நம்பர் வேண்டுமாம். தம்பி வீட்டில் சிம் கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
ஒரு சங்கத்தின் பொருளாளர்