முதலில் டிடெக்டர், அப்புறம் குழாய்

அன்புள்ள சரவணனுக்கு,

கல்லூரிக்கு எச்.பி.எல்.சி. (கலவையைக் குழாயில் பிரித்து, வெளிவரும் பொருள்களை டிடெக்டரால் அளக்கும் கருவி) வாங்க நிதி வந்துவிட்டது என்று படித்ததும் எனக்கே வந்ததுபோல் சந்தோஷமாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பர் படிக்கிறார்.

மஞ்சளையும் பனைவெல்லத்தையும் சோதிக்கப்போவதாக எழுதியிருந்தாய். டிடெக்டருக்கு அவை இரண்டும் எதிரெதிர். அதனால் கம்பெனிக்காரர்கள் தரும் விலைப்பட்டியலைப் பார்க்குமுன் மூலக்கூறைப் பார்.

மஞ்சளில் அதன் நிறப்பொருளான குர்குமின் தனியாக இருப்பதில்லை. அதிலுள்ள இரண்டு மீத்தாக்ஸி தொகுதிகளில் ஒன்று மட்டும் இல்லாதது ஒன்று, இரண்டும் இல்லாதது ஒன்று என இரண்டு உறவுகள் கூடவே வரும். மூன்றும் 420 நானோமீட்டரை ஒட்டி ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒற்றை அலைநீள டிடெக்டரே அளவு சொல்லிவிடும். ஆனாலும் பல அலைநீளங்களை ஒரே நேரத்தில் பதியும் டையோடு அர்ரே டிடெக்டரை வாங்கு என்பேன். மெட்டானில் மஞ்சள் போன்ற கலப்படச் சாயமும் அதே பகுதியில் உறிஞ்சும். முழு நிறமாலை கையில் இருந்தால்தான் வரைபடத்தில் எழும் அந்த உச்சி யாருடையது என்று சொல்ல முடியும்.

குழாய்க்குச் சாதாரண சி18 (18 கார்பன் சங்கிலி பூசிய துகள்கள் நிரப்பியது) போதும்: 150 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. உள்விட்டம், 5 மைக்ரான் துகள். கரைப்பானாக அசிட்டோநைட்ரைலும் தண்ணீரும், கொஞ்சம் அசிட்டிக் அமிலமும். காரத்தில் குர்குமின் சிதைந்துவிடும், அமிலத்தை விட்டுவிடாதே. உச்சிகள் ஒட்டிக்கொண்டால் முதலில் கரைப்பான் விகிதத்தை மாற்று. அதற்கும் பிரியாவிட்டால் வேறு பூச்சுள்ள பீனைல் குழாயைப் போட்டுப் பார். துகள் சிறிதானால் பிரிப்பு கூர்மையாகும், உண்மைதான். ஆனால் துகள் அளவு பாதியானால் அழுத்தம் நான்கு மடங்காகும், தூசியும் சீக்கிரம் அடைக்கும். மாணவர்கள் பழகும் கருவிக்கு 5 மைக்ரானே நல்லது.

வெல்லத்துக்கு இதெல்லாம் உதவாது. சுக்ரோஸுக்கும் குளுக்கோஸுக்கும் புற ஊதாவில் சொல்லிக்கொள்ளும்படி உறிஞ்சல் இல்லை. கரைசலின் ஒளிவிலகல் மாறுவதை அளக்கும் ஒளிவிலகல் டிடெக்டரும், துகள்களில் அமினோ தொகுதி பூசிய அமினோ குழாயும் வேண்டும். அசிட்டோநைட்ரைல் 75, தண்ணீர் 25 என்று தொடங்கு. ஓட்டத்தின் நடுவே விகிதத்தை மாற்றினால் ஒளிவிலகலும் மாறி, வரைபடத்தின் அடிக்கோடு எங்கோ போய்விடும். வெப்பநிலை மாறினாலும் அப்படித்தான், அதனால் ஏசி காற்று நேராகப் படும் இடத்திலும் வைக்காதே. குளுக்கோஸ் அமினோ தொகுதியோடு வினைபுரிவதால் அந்தக் குழாய் மெல்லத் தேயும். மாற்றுக் குழாய்க்கும் நிதியில் இடம் வை.

உன் பம்ப் எத்தனை பார் அழுத்தம் வரை தாங்கும் என்று எழுது. ஆர்டர் போடுமுன் கொட்டேஷனையும் அனுப்பு, சேர்ந்தே பார்க்கலாம்.

அன்புடன்,
கண்ணன்