ஜேர்மனியில் படிப்பு இலவசமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காலி வீதியில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி எங்கு பார்த்தாலும் 'ஜேர்மனியில் இலவசக் கல்வி' என்று பதாகை. என் மகனுக்கு இயந்திரப் பொறியியல் மாஸ்டர்ஸ் படிக்க ஆஹன், ஸ்டுட்கார்ட் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் இடம் கிடைத்திருக்கிறது. முகவர் நிலையத்தில் கேட்டால், செலவு இரண்டிலும் ஒன்றுதான் என்கிறார்கள்.

ஒன்றில்லை. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. நான்கு செமஸ்டருக்கு 6,000. ஆஹனில் அது கிடையாது. செமஸ்டர் பதிவுப் பணம் மட்டும்தான். ரயில், பஸ் பாஸும் அதற்குள்ளேயே அடக்கம்.

எங்கு போனாலும் விசாவுக்கு ஓராண்டுச் செலவுப் பணம் 11,904 யூரோவை முன்கூட்டியே கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். அதற்கே என் சேமலாப நிதியில் கைவைக்க வேண்டியிருக்கிறது. பதாகையில் இதுவும் இல்லை.

ஸ்டுட்கார்ட்டில் பொஷ், மெர்சிடிஸ் கம்பனிகள் பக்கத்திலேயே, படிக்கும்போதே வேலை கிடைக்கலாம் என்கிறான் மகன். சரி, கிடைக்கலாம். அந்த 'லாம்'ஐ நம்பி 6,000 யூரோவா? நான் ஆஹன் பக்கம். அவன்தான் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்.

மாநிலத்துக்கு மாநிலம் கட்டணம் மாறும் என்பதை விளம்பரம் செய்பவர்கள் சின்ன எழுத்திலாவது போடட்டும்.

ஒரு தந்தை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.