பெரிய எம், சின்ன எம்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். "ஒரு கன கிலோமீட்டர்னா ஆயிரம் கன மீட்டர்தானேம்மா?" என்று போனில் அவசரமாகக் கேட்டுவிட்டு, மீட்டிங் என்று வைத்துவிட்டாய். இல்லைடா. தண்ணீர் வேலைக்குப் போயிருக்கிறவன் இதில் தடுமாறக் கூடாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆயிரம் என்பது நீளத்துக்கு. கன அளவில் நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் அந்த ஆயிரம் வரும். ஆயிரத்தை மூன்று தடவை பெருக்கினால் 100 கோடி கன மீட்டர். லிட்டரில் சொன்னால் ஒரு லட்சம் கோடி. நீ சொன்ன கணக்கு சரியென்றால், ஒரு கன கிலோமீட்டர் தண்ணீரை 12,000 லிட்டர் லாரிகள் 84 வந்து அள்ளிக்கொண்டு போய்விடலாம்! ஒரு கிலோமீட்டர் நீள, அகல, ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி நிறைத்ததாக நினைத்துப் பார், நீயே சிரிப்பாய்.

லிட்டரில் இந்தத் தொல்லை இல்லை. மில்லி, லிட்டர், கிலோ லிட்டர், மெகா லிட்டர், ஜிகா லிட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் மடங்குதான். இரண்டு கணக்கும் எங்கெங்கே ஒன்றாகின்றன என்று தெரிந்தால் போதும். கன மீட்டர் ஒரு கிலோ லிட்டர், அதாவது நம் வீட்டு மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்க். கன சென்டிமீட்டர் ஒரு மில்லி. ஊசி போடும் நாங்கள் சிசி என்று சொல்வது அதைத்தான்.

கன மில்லிமீட்டருக்கு வந்தால் ஒரு மைக்ரோ லிட்டர். டெங்கு சீசனில் இதை வைத்து எத்தனை பேருக்கு விளக்கம் சொல்லியிருப்பேன்! ஒரு லேப் பிளேட்லெட்டை மைக்ரோ லிட்டருக்கு இத்தனை என்று எழுதும், இன்னொன்று கியூபிக் எம்.எம்முக்கு இத்தனை என்று எழுதும். வேறு வேறு டெஸ்ட் எடுத்துவிட்டார்கள் என்று உறவுக்காரர்கள் பதறுவார்கள். இரண்டும் ஒரே அளவுதான். அதே ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும். ஒரு சிவப்பணுவின் சராசரி கன அளவு அது, பெரியவர்களுக்குச் சாதாரணமாக 80 முதல் 100 ஃபெம்டோ லிட்டர். ஒரு ஃபெம்டோ லிட்டர் என்பது ஒரு கன மைக்ரோமீட்டர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோமீட்டர். மைக்ரோமீட்டரிலிருந்து கிலோமீட்டர் 100 கோடி மடங்கு, அதாவது ஒன்பது சுழி. கன அளவில் அது இருபத்தேழு சுழி ஆகிவிடுகிறது.

அப்பாவின் இன்சுலினையே எடுத்துக்கொள். சிவப்பு மூடி சிரிஞ்சில் 40 யூனிட் ஒரு மில்லி. அப்படியென்றால் ஒரு யூனிட் 25 மைக்ரோ லிட்டர். சாதாரண டிரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி என்பதால், ஒரு யூனிட் அரைச் சொட்டு. இன்சுலின் பேனாவில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 100 யூனிட், அதில் ஒரு யூனிட் 10 மைக்ரோ லிட்டர்தான். பேனா மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். விளையாட்டில்லை.

உன் பக்கம் வருகிறேன். சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் 2013-ல் தொடங்கிய கடல்நீர் ஆலை 100 எம்.எல்.டி. என்றால் தினம் 100 மெகா லிட்டர், 10 கோடி லிட்டர், ஒரு லட்சம் கன மீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. பேப்பர்காரர்கள் இன்னும் அடியை விடவில்லை. ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆகவே ஏரி நிறைந்தால் சுமார் 103 ஜிகா லிட்டர். அவ்வளவு பெரிய ஏரியே கன கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்.

எனக்குப் பயமெல்லாம் எழுத்தில்தான். இங்கிலீஷில் பெரிய எம் போட்டால் மெகா, சின்ன எம் போட்டால் மில்லி. நடுவில் 100 கோடி மடங்கு! மைக்ரோவுக்குப் போடும் மியூவைக் கிறுக்கி எழுதினால் சின்ன எம் மாதிரியே தெரியும், அது ஆயிரம் மடங்கு. அதனால்தான் மருந்துச் சீட்டில் மைக்ரோகிராமை எம்சிஜி என்று எழுதச் சொல்வார்கள். ஏரித் தண்ணீரை மில்லியில் எழுதினால் ஆபீசில் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார்கள். குளோரின் கரைசலுக்கு அளவு எழுதும்போது அப்படிச் செய்துவிடாதே.

அப்புறம் காற்புள்ளி. 1,03,000 என்று நம் லட்சக் கணக்கில் போட்டால் மெகா, ஜிகா எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மாற்றும்போது மட்டும் மூன்று மூன்றாகப் பிரித்து 103 000 என்று எழுது. மெகா 10 லட்சம், ஜிகா 100 கோடி, டெரா லட்சம் கோடி. இதை டைரியில் குறித்து வைத்துக்கொள்.

அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, மீட்டிங் இல்லாத நேரமாகப் பார்த்து.

அன்புடன்,
அம்மா