மால்போர்க் செங்கல் கோட்டை: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

நலம்தானே? சித்தியின் முழங்கால் வலி இப்போது தேவலையா? மால்போர்க் கோட்டைக்குப் போகப்போகிறேன் என்று போனில் சொன்னபோது நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அது பழைய கட்டடமா, புதுசா கட்டினதா?" அந்தக் கேள்விக்குப் போனில் பதில் சொல்லி முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் வாழ்க்கை முழுக்கச் செங்கல்லோடு இருந்தவர் நீங்கள். அந்தச் சுவர்களைப் பார்க்கப் பார்க்க, நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் இன்னும் நாலு விஷயம் பிடிபட்டிருக்குமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போலந்தின் வடகோடியில் உள்ள க்டான்ஸ்க் நகரத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சுமார் 60 கிலோமீட்டர். வழி நெடுக விஸ்துலா ஆற்றின் கழிமுகச் சமவெளி. வயலும் வாய்க்காலும்தான், ஒரு பாறையோ குன்றோ கண்ணில் படாது. கோட்டையின் கதை முழுக்க அதில்தான் தொடங்குகிறது. வெட்டி எடுக்கக் கல் கிடையாது. பனியுகத்தில் பனிப்பாறைகள் இழுத்துவந்து விட்டுப்போன கருங்கல் உருண்டைகள் மண்ணில் அங்கங்கே கிடந்தன. அவற்றை அஸ்திவாரத்துக்குப் போட்டார்கள். அதற்கு மேலே எல்லாமே களிமண்ணை அறுத்துச் சுட்ட செங்கல்.

ஊரை நெருங்கும்போது ரயில் நோகாட் ஆற்றைக் கடக்கிறது. அப்போது வலது பக்க ஜன்னலோரம் இருக்க வேண்டும். ஆற்றங்கரையில் சிவப்புச் சுவர் எழும்பி நிற்பது முழுசாகத் தெரியும். ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் வழியில் பழைய ஊர் என்று எதுவும் பெரிதாக இல்லை, அடுக்குமாடிக் குடியிருப்புகள்தான். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1945-ல் ஊர் தரைமட்டமானது. இடிபாட்டுச் செங்கற்களைப் பொறுக்கி, தலைநகர் வார்சாவைத் திரும்பக் கட்டுவதற்கு அனுப்பினார்கள். ஒரு ஊரின் கல் இன்னொரு ஊரின் சுவராக இருக்கிறது. வருகிறவர்கள் நேராகக் கோட்டை வாசலுக்குத்தான் போகிறார்கள். நான் முதலில் மர நடைபாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போனேன். நீங்கள் வந்தாலும் அப்படித்தான் செய்ய வேண்டும். கோட்டையின் முழு நீளமும் அங்கிருந்துதான் கண்ணில் அடங்கும்.

கட்டியவர்கள் டியூட்டானிக் சபை என்ற ஜெர்மானிய வீரத்துறவிகள். சிலுவைப் போர்க் காலத்தில் உருவானவர்கள். இந்த மண் அவர்களுடையது இல்லை. இங்கே வாழ்ந்த பழைய பிரஷ்யர் என்ற பால்டிக் மக்களை வாளால் அடக்கி, மதம் மாற்றி, அவர்கள் நிலத்தில் கோட்டை கோட்டையாக எழுப்பினார்கள். அந்த மக்களின் மொழி பின்னால் வழக்கொழிந்தே போனது. இதைச் சொல்லாமல் கட்டட அழகை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. வேலை 1270-களில் தொடங்கியது. 1309-ல் சபையின் தலைவர் தன் இருப்பிடத்தை வெனிஸிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டார். அப்புறம்தான் இது இவ்வளவு பெரிதானது. மேல் கோட்டை, நடுக் கோட்டை, கீழ்க் கோட்டை என்று மூன்று பகுதி. பரப்பளவில் உலகிலேயே மிகப் பெரிய கோட்டை என்று இதைச் சொல்கிறார்கள். நடந்து பார்த்த காலுக்கு அதில் சந்தேகமே இல்லை.

சரி, கல்லுக்கு வருகிறேன். நம் ஊர் ஒன்பது இஞ்சுக் கல்லைவிடப் பெரியது. நீளம் சுமார் 30 சென்டிமீட்டர், அகலம் அதில் பாதி, கனம் 10-க்குக் கொஞ்சம் குறைவு. கையால் அறுத்தது என்பதால் ஒன்றுக்கொன்று சற்று மாறும். சுண்ணாம்புச் சாந்து. வெளியே பூச்சே இல்லை, கல் வரிசைதான் சுவரின் முகம். வட ஐரோப்பாவின் பழைய செங்கல் சுவர்களில் இரண்டு கல்லை நீளவாக்கிலும் ஒரு கல்லைக் குறுக்காகவும் வைத்துக் கட்டுவது வழக்கம். பிற்காலத்தில் நீளம் ஒன்று, குறுக்கு ஒன்று என்று மாறியது. வரிசையைப் பார்த்தே காலத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம். சூளையில் நெருப்புக்கு மிக அருகில் இருந்து அதிகம் வெந்து கறுத்துப் பளபளக்கும் கற்களை அவர்கள் ஒதுக்கவில்லை. தனியாகப் பொறுக்கிவைத்து, சிவப்புச் சுவரில் கறுப்புச் சாய்சதுரக் கோலமாகப் பதித்திருக்கிறார்கள். வீணாகப் போயிருக்க வேண்டிய கல் அங்கே அலங்காரமாக இருக்கிறது.

உள்ளே நீங்கள் வெகுநேரம் நின்றுவிடக்கூடிய இடம் ஒன்று உண்டு. தரையில் சின்னச் சின்ன ஓட்டைகள், அவற்றுக்கு மூடிகள். கீழே நிலவறையில் அடுப்பு. அடுப்புக்கு மேலே கருங்கல் உருண்டைகளைக் குவித்துவைத்து, விறகு எரித்துச் சூடேற்றுவார்கள். நெருப்பு அணைந்து புகை வெளியேறிய பிறகு மூடியைத் திறந்தால், கல்லின் சூடு காற்றோடு மேலே கூடத்துக்கு ஏறும். புகை இல்லாத வெப்பம்! பதினான்காம் நூற்றாண்டில் இந்தக் குளிருக்கு இப்படி ஓர் ஏற்பாடு செய்தவர்களின் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை.

சபைத் தலைவரின் மாளிகையில் கோடைக்கால உணவுக்கூடம் இருக்கிறது. அதன் கூரை முழுவதையும் நடுவில் நிற்கும் ஒரே ஒரு கருங்கல் தூண் தாங்குகிறது. பனை ஓலை விரிவதைப் போல வளைவுகள் அதன் உச்சியிலிருந்து நாலா பக்கமும் விரிகின்றன. 1410 ஜூலை 15 அன்று கிருன்வால்ட் போரில் போலந்து மன்னர் யாகெல்லோவின் படையும் லித்துவேனியர்களும் சபையை நொறுக்கினார்கள். அப்புறம் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். எதிரிகள் அந்த ஒரு தூணைக் குறிவைத்து ஆற்றுக்கு அப்பாலிருந்து பீரங்கியால் சுட்டதாகக் கதை. குண்டு தவறிவிட்டது. கணப்புக்கு மேலே சுவரில் ஒரு கல் குண்டு பதிந்திருப்பதை இன்றைக்கும் காட்டுகிறார்கள். கதை எவ்வளவு உண்மையோ, தூணைப் பார்க்கும்போது அதைத்தான் குறிவைக்கத் தோன்றும் என்பது மட்டும் உண்மை. கோட்டை அந்த முற்றுகையில் விழவில்லை. பல ஆண்டுகள் கழித்து 1457-ல், சம்பளப் பாக்கிக்காகக் கோட்டையைப் பிடித்துவைத்திருந்த கூலிப்படையினர் அதைப் போலந்து மன்னருக்கு விற்றுவிட்டார்கள். அதிலிருந்து 1772 வரை போலந்து அரசர்களின் கையில் இருந்தது.

உங்கள் கேள்விக்கான பதில் அதற்குப் பிறகுதான் வருகிறது. 1772-ல் அண்டை அரசுகள் போலந்தைப் பங்குபோட்டபோது பிரஷ்ய அரசு இதை எடுத்துக்கொண்டது. பெயர்தான் பழைய பிரஷ்யருடையது, அரசு ஜெர்மானியர்களுடையது. படைவீடாக்கியது. 1801-க்குப் பிறகு மேல் கோட்டையைத் தானியக் கிடங்காக்க உள்ளே இருந்த பழைய வளைவுக் கூரைகளை இடித்தே தள்ளினார்கள். அதற்குள் பிரீட்ரிக் கில்லி என்ற இளம் கட்டடக் கலைஞர் இங்கே வந்து வரைந்த படங்கள் 1795-ல் பெர்லினில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. 1803-ல் மாக்ஸ் ஃபான் ஷெங்கென்டார்ஃப், இருபது வயதுகூட நிறையாதவர், பெர்லின் பத்திரிகை ஒன்றில் இந்த இடிப்பைக் கண்டித்து எழுதினார். அடுத்த ஆண்டு அரசர் இடிப்பை நிறுத்தச் சொன்னார். ஒரு பையன் எழுதிய கடிதத்துக்கு இவ்வளவு பலம் இருந்திருக்கிறது! 1817-ல் பழுதுபார்ப்பு ஆரம்பமானது. 1882-ல் பொறுப்பேற்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் கன்ராட் ஸ்டைன்பிரெக்ட் நாற்பது ஆண்டுகள் இதே வேலையாக இருந்தார். தோண்டிப் பார்த்தார், அக்கம்பக்கத்துக் கோட்டைகளை அளந்தார், பழைய அளவிலேயே கல் செய்ய வைத்தார். பழையது எங்கே முடிகிறது, தன்னுடையது எங்கே தொடங்குகிறது என்று சட்டெனத் தெரியாதபடி கட்டினார்.

அப்புறம் 1945. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை கோட்டைக்குள் ஜெர்மன் படை, வெளியே கிழக்கிலிருந்து சோவியத் பீரங்கி. கோட்டையில் பாதிக்கு மேல் போய்விட்டது. மாதா கோயிலும் பெரிய கோபுரமும் இருந்த கிழக்குப் பக்கம் மொத்தமாகச் சரிந்தது. அந்தக் காலப் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு அதே முற்றத்தில் நின்றால் நம்ப முடியவில்லை.

என் மனதை அதிகம் தொட்டது இதுதான், சித்தப்பா. திரும்பக் கட்டியவர்கள் போலந்துக்காரர்கள். இந்தக் கோட்டை அவர்களுக்குப் பகைவனின் வீடு. நாஜிகள் இதை ஜெர்மன் பெருமையின் சின்னமாக்கி இளைஞர்களைக் கூட்டிவந்து சடங்கு நடத்தியிருந்தார்கள். சொந்த நகரங்களே இடிந்து கிடந்த நேரம் வேறு. அப்படியே விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் எடுத்துக் கட்டினார்கள். 1961-ல் அருங்காட்சியகமாக்கினார்கள். 1997-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. மாதா கோயிலுக்கு மட்டும் மேலே கூரை போட்டார்களே தவிர, உள்ளே வளைவு இல்லாமல் நீண்ட காலம் அப்படியே நின்றது. அதை முடித்துத் திறந்தது 2016-ல்.

அந்தக் கோயிலுக்குள் நுழையும் வாசலைத் தங்க வாசல் என்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் வேலை, சுட்ட களிமண்ணில் செய்த சிற்பங்கள், மேலே வண்ணமும் பொன்னும். பக்கத்தில் எல்லாம் சரிந்தபோது இது தப்பியிருக்கிறது. சுவரைக் கட்டிய அதே மண்தான் இங்கே முகமாகவும் துணி மடிப்பாகவும் ஆகியிருக்கிறது. உள்ளே போனால் மேலே புது வளைவுகள். ஆனால் சுவரில் போரின் காயம் அப்படியே. மூளியான சிற்பங்களுக்குப் புதுத் தலை செய்து ஒட்டவில்லை. பழைய ஓவியம் எவ்வளவு மிஞ்சியதோ அவ்வளவுதான். வெளியே கிழக்குப் பக்கச் சுவரில் மட்டும் இதற்கு மாறாகச் செய்திருக்கிறார்கள். கண்ணாடித் துண்டுகள் பதித்த பிரம்மாண்டமான மாதா சிலை, சுமார் 8 மீட்டர் உயரம், 1945-ல் சிதறிப்போனது. அதை முழுசாகப் புதிதாகவே செய்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு உள்ளே செய்ததுதான் பிடித்தது. அங்கே நிற்கும்போது 1280-ம் 1945-ம் 2016-ம் ஒரே சுவரில் தெரிகின்றன. வெளியே சிலை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு என்ன நேர்ந்தது என்பதை அதுவே சொல்வதில்லை.

நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்குத் தெரிந்தால் அது கொத்தனாருக்கு அவமானம் என்று நீங்கள் எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஸ்டைன்பிரெக்ட் உங்கள் கட்சி. குடியிருக்கும் வீட்டுக்கு நீங்கள் சொல்வது சரிதான். மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க வேண்டும், பார்க்கவும் லட்சணமாக இருக்க வேண்டும். ஆனால் இப்படி ஒரு கட்டடத்தில், நடந்ததை மறைக்கிற வேலையைவிடக் காட்டுகிற வேலைதான் கடினம் என்று எனக்குப் படுகிறது. உடைந்த ஓரத்தை உடைந்த மாதிரியே வைத்து, ஆனால் மேலும் உதிராமல் நிறுத்துவதற்கு எவ்வளவு கைப்பக்குவம் வேண்டும்! இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீங்களும் சித்தியும் வருவதானால் மே அல்லது ஜூனில் வாருங்கள், பகல் நீளமாக இருக்கும். திங்கட்கிழமை வேண்டாம், உள் அறைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். படிக்கட்டு நிறைய என்பதால் சித்திக்கு நடுக் கோட்டையும் ஆற்றங்கரையும் போதும். நமக்கு முழு நாள் வேண்டும்.

சுவர்ப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். எதற்கும் கீழே குறிப்பு எழுதவில்லை. கல்லின் நிறம், வரிசை, சாந்தின் கனம் இதையெல்லாம் பார்த்து எது சபைக்காரர்கள் கட்டியது, எது ஸ்டைன்பிரெக்ட் கட்டியது, எது போருக்குப் பிந்தியது என்று சொல்லுங்கள். மூன்றாவது படத்தில் ஜன்னலுக்கு இடது பக்கம் எனக்கே குழப்பமாக இருக்கிறது. அதை முதலில் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்