ஹம்பர்க்கில் ஆலைகள் மட்டுமே குறி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் தொழில் நகரங்கள் மீது நடந்த குண்டுவீச்சைப் பற்றிய தங்கள் கட்டுரை, ஆலைகளே குறி என்றும் மக்கள் இறந்தது தவிர்க்க முடியாத பக்கவிளைவு என்றும் சொல்கிறது. ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை. 1942 பிப்ரவரி 14 அன்று பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைக்கு அனுப்பப்பட்ட உத்தரவு, எதிரி நாட்டுப் பொதுமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மன உறுதியைக் குலைப்பதையே முதன்மை நோக்கமாக வெளிப்படையாகக் குறிப்பிட்டது.

1943 ஜூலை 27 இரவு ஜெர்மனியின் துறைமுக நகரான ஹம்பர்க்கில் நடந்தது அந்த உத்தரவின் பொருளை விளக்கும். நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்டப்பட்ட தளங்கள் எல்பே ஆற்றின் தென்கரையில் இருக்க, குண்டுவீச்சு மூட்டிய தீப்புயல் விழுங்கியது வடகரையின் கிழக்குப் பகுதியில் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த ஹாமர்புரூக் போன்ற குடியிருப்புகளை. நெருப்பிலிருந்து தப்ப நிலவறைகளில் ஒதுங்கியவர்களில் ஏராளமானோர், வெளியே எரிந்த தீ காற்றை உறிஞ்சிக்கொள்ள, கார்பன் மோனாக்சைடு நச்சால் இருந்த இடத்திலேயே இறந்தனர். அந்தப் பத்து நாள் தாக்குதல்களில் மாண்டவர்கள் சுமார் 37,000 பேர். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் மிகுதி. நகரின் தொழில் உற்பத்தியோ சில மாதங்களிலேயே பெருமளவு மீண்டுவிட்டது.

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரை 1940இல் எரித்தது ஜெர்மனிதான். அதை நான் மறக்கவில்லை. ஆயினும் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1944 பிப்ரவரியில், பிரிட்டிஷ் பிரபுக்கள் அவையில் எழுந்து இக்கொள்கையைக் கேள்வி கேட்ட பிஷப் ஜார்ஜ் பெல்லுக்குத் தங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இடம் கிடைக்காதது வியப்பளிக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தஞ்சாவூர்